டீச்சர் உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம்

நம் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னோடு இருக்கும் உறுப்பினர்களுக்கும், இங்கே படித்துவிட்டுப் போன அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகளுக்கும்,



செப்டம்பர் 5 வர இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஆசிரியர் தினத்துக்கு என்ன செய்யலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. "போன வருசம் மாதிரியே செஞ்சிருவோம், ஆளுக்கு நூறு ரூவா போடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் தலையாட்டினோம். குழுத் தலைவர் என்ற முறையில் நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. கூட்டத்தில் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் நடந்ததை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். பந்தல் போட்டோம், பிளெக்ஸ் வைத்தோம், ஸ்பீக்கர் கட்டினோம். பெரிய டீச்சருக்கும் சின்ன டீச்சருக்கும் பொன்னாடை, ஆளுக்கொரு குத்துவிளக்கு, ஒரு கேக். பேச வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் இரண்டு பேரும் மேடையில் உட்காரவே இல்லை. ஒருவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நிழலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். இன்னொருவர் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அவர்களுக்காக வைத்த விழாவில் அதிகம் வேலை பார்த்தவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்றும் நடந்தது. நம் பள்ளியில் 47 பிள்ளைகள். அன்றைக்கு வந்தது 44. காய்ச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து என் கடைக்குத் துணி தைக்க வந்த ஒரு அம்மா, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அன்னைக்கு எங்ககிட்ட நூறு ரூவா இல்ல மதினி. பிள்ளைய வெறுங்கையோட அனுப்ப மனசு வரல." அந்த மூன்றில் இரண்டு அவர் பிள்ளைகள். காலை உணவுக்காகவே எட்டு மணிக்குக் கிளம்பி ஓடுகிற பிள்ளைகள் அன்று வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஆசிரியரைக் கொண்டாடுகிறோம் என்று நாம் வைத்த விழா, இரண்டு பிள்ளைகளை ஆசிரியரிடம் போகவிடாமல் செய்துவிட்டது. வசூல் நோட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். இந்த வருடம் அந்த நோட்டைத் திறக்க என் கை வராது.

என் சின்ன மாமனாரின் மகள் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறாள். அங்கே ஆசிரியர் தினத்தை ஒரு நாளோடு விடுவதில்லையாம். மே மாதத்தின் முதல் முழு வாரத்தை ஆசிரியர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் தேசிய அமைப்பு 1984-இல் அந்த வாரத்தைக் குறித்தது. பள்ளிக்குப் பள்ளி பெற்றோர்கள் முன்கூட்டியே உட்கார்ந்து, எந்த நாளில் யார் என்ன செய்வது என்று பிரித்துக்கொள்கிறார்கள். அங்கே கொடுக்கிற பூங்கொத்தும் பரிசு அட்டையும் நமக்கு வேண்டாம். மே மாதம் நமக்கு விடுமுறை வேறு. ஆனால் ஒரு நாள் என்பதை ஒரு வாரம் என்று ஆக்கியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு நாள் என்றால் விழாதான் நடக்கும். ஒரு வாரம் என்றால் ஏதாவது வேலை செய்தே ஆக வேண்டும்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதற்கு முன், ஜூலையில் ஒரு நாள் முழுக்க நான் பள்ளியில் இருந்ததைச் சொல்ல வேண்டும். நூலகப் புத்தகங்களை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுவதற்காகப் போயிருந்தேன். புத்தகம் எண்ணியது குறைவு, பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம்.

எட்டேகாலுக்கே பெரிய டீச்சர் வந்துவிட்டார். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, மறு ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததை நாம் எல்லோரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டோம். அதனால் பெரிய டீச்சர் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. சமைத்த உப்புமாவை முதலில் அவர்தான் வாயில் வைத்துப் பார்க்கிறார். பிறகு பிரேயர். பிறகு கைபேசியில் வருகைப் பதிவு. கட்டடத்துக்குள் சிக்னல் இல்லை. வேப்பமரத்தடிக்கு வந்து, கையைத் தூக்கிப் பிடித்து, பதிவு ஏறும் வரை காத்து நின்றார். அவர் வகுப்பான நான்கும் ஐந்தும் உள்ளே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தன. சொல்கிற சத்தத்தில் ஒன்று தப்பியதும், மரத்தடியில் இருந்தபடியே "ஏழெட்டு எவ்வளவு? இன்னொரு தரம்!" என்றார்.

சின்ன டீச்சருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்பும் ஒரே அறை. கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் முறையில் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பிரிப்பதில்லை. எழுதப் படிக்க எந்த அளவுக்கு வருகிறதோ அதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று உட்கார வைக்கிறார்கள். ஆளுக்கேற்ற பாடம். நல்ல முறைதான். ஆனால் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அரும்பில் உட்கார வேண்டியிருக்கிறது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு. அவன் முகம் சுருங்கிவிடக் கூடாது என்று டீச்சர் என்ன செய்கிறார் தெரியுமா? எழுத்து அட்டைகளை எடுத்துக் கொடுக்கிற பொறுப்பை அவனிடம் கொடுத்திருக்கிறார். "கார்டு லீடர் எங்கப்பா?" என்று கூப்பிட்டால்தான் அவன் எழுந்து வருவான். ஒவ்வொரு அட்டையையும் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது அவனும் அந்த எழுத்தைச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவன் படித்துக்கொள்கிறான். அவன் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அன்று அங்கே உட்கார்ந்திராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

மதியம் சத்துணவு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கை கழுவ வைத்து, யாருக்கு முட்டை வரவில்லை என்று பார்த்து, தட்டைத் தட்டிவிட்டவனுக்குத் திரும்ப வாங்கிக் கொடுத்து, ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததைத் துடைத்து, சண்டை போட்ட இரண்டு பேரைப் பிரித்து... சின்ன டீச்சர் தன் டிபன் பாக்ஸைத் திறந்தபோது மணி ஒன்று இருபது. நான்கு வாய் சாப்பிட்டிருப்பார். மணி அடித்தது. மூடி வைத்துவிட்டார். "தினமும் இப்படித்தானா டீச்சர்?" என்று கேட்டேன். "இன்னைக்குப் பரவாயில்லைங்க, நீங்க இருந்தீங்க" என்றார். நான் என்ன செய்தேன்? தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள். அந்தக் கணக்கில் நம் பள்ளிக்குக் குறை எதுவும் இல்லை. ஐந்து வகுப்பு என்பது அந்தக் கணக்கில் வராது. ஒருவர் குறுவள மையத்துக்குப் பயிற்சிக்குப் போனால் மற்றவருக்கு ஐந்து வகுப்பும் சேர்ந்துவிடும். அதே சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை தவிர வேறு எதற்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அந்த மூன்றுக்கே எத்தனை நடை! ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்காளர் பட்டியல் சரிபார்க்க சின்ன டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். நல்ல வெயில். தண்ணீர் குடித்துவிட்டு, திண்ணையில் எழுதிக்கொண்டிருந்த என் மகளின் நோட்டை வாங்கிப் பார்த்து, 'ழ' எழுதுவதைக் கையைப் பிடித்துத் திருத்திவிட்டுப் போனார்.

இவர்களுக்குத்தான் நாம் பொன்னாடை போர்த்தினோம். அவர்கள் வீட்டு அலமாரியில் இதற்கு முன் வந்த பொன்னாடைகளும் அப்படியே மடித்து இருக்கும். தையல்காரி சொல்கிறேன், அந்தத் துணியை வேறு எதற்கும் தைக்கவும் முடியாது.

ஆகவே நான் கேட்பது இது. செப்டம்பர் 5-ஐ ஒட்டிய வாரத்தில், ஐந்து பள்ளி நாளும், டீச்சர் இரண்டு பேரும் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட அரை மணி நேரம் கொடுப்போம். ஒரு நாளைக்கு இரண்டு அம்மாக்கள், ஒரு அப்பா. மதியம் 12 மணிக்கு வந்தால் போதும். கை கழுவ வைப்பது, வரிசை பார்ப்பது, சாப்பிட்ட பிறகு விளையாட்டில் கண் வைத்திருப்பது, இவ்வளவுதான் வேலை. பெரிய காயம், காய்ச்சல் என்றால் மட்டும் டீச்சரைக் கூப்பிடலாம். ஐந்து நாளைக்கு 15 பேர். நம் மேலாண்மைக் குழுவிலேயே 24 பேர் இருக்கிறோம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் எந்த நாளில் முடியுமோ அந்த நாளைச் சொல்லுங்கள், மற்றவர்கள் அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம். அப்பாவும் வேண்டும் என்று நான் எழுதியது தவறி எழுதியதில்லை. பிள்ளையைச் சேர்த்த அன்று வந்த அப்பா, ஐந்தாம் வகுப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கத்தான் திரும்ப வருகிறார். இடையில் ஒரு மதியம் வந்து பாருங்கள் அண்ணே. உங்கள் மகன் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்றாவது தெரியும்.

"டீச்சர்களுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோவோமே" என்று இரண்டு மூன்று பேர் ஆசையாகச் சொன்னீர்கள். நல்ல மனசுதான். ஆனாலும் வேண்டாம். யார் வீட்டுச் சாப்பாடு வந்தது, யார் வீட்டிலிருந்து வாங்கவில்லை, எதைத் தொட்டார்கள், எதை மிச்சம் வைத்தார்கள் என்று பேச்சு கிளம்பும். நம் ஊரில் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 47 பிள்ளைகளும் ஒரே பானைச் சோற்றை ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் நம் ஊரில் அது ஒன்றுதான். அதைக் கெடுக்கிற எதையும் அந்த வாசலுக்குள் கொண்டுபோக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டீச்சர் தன் டிபனைக் கொண்டுவரட்டும். ஆறுவதற்குள் சாப்பிட நேரத்தை மட்டும் நாம் கொடுப்போம்.

தங்கக் காசு கொடுக்கலாம் என்று சிலர் சொன்ன யோசனையையும் கைவிட்டுவிடுங்கள். அரசு ஊழியர் பரிசு வாங்குவதற்கு விதிகளில் வரம்பு உண்டு. ஆசையாகக் கொடுத்து அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது.

அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டுவிட்டேன். முதலில் "ஒன்றும் வேண்டாம்" என்றார்கள். விடாமல் கேட்டதில் பெரிய டீச்சர் சொன்னது என்னைச் சுட்டது. "அந்த வாரம் முழுக்க எல்லாப் பிள்ளையையும் அனுப்பி வையுங்க, அது போதும்." சந்தை நாள், ரேஷன் வாங்கும் நாள், தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாள், புளி உலுக்கும் நாள், மாமன் வீட்டுக் காதுகுத்து என்று நாம் பிள்ளைகளை நிறுத்திக்கொள்கிறோம். திரும்பி வரும் பிள்ளைக்கு விட்ட பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்துகிறவர் அவர்தான். ஐந்து நாளும் 47-க்கு 47. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் என் கடையில் விட்டுவிட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

சின்ன டீச்சர் கேட்டது பொருள். எழுத்து அட்டை, சொல் அட்டை, எண் அட்டை. பிள்ளைகள் கை பட்டுப் பட்டுக் கிழிந்துவிடுகிறதாம். ஒவ்வொரு தடவையும் டவுனில் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போடுவது அவர் கைக்காசில். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். இந்த ஒன்றுக்கு மட்டும் நாம் சீர் எடுப்போம். பக்கத்து ஊர்களில் கல்விச் சீர் கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். தாய்மாமன் சீர் போல மேளம் கொட்டி, தாம்பாளத்தில் நோட்டும் பேனாவும் நாற்காலியும் மின்விசிறியுமாக ஊரே பள்ளிக்கு நடக்கும். நாம் சின்னதாகச் செய்வோம். தாம்பாளத்தில் ஏ4 தாள், கெட்டி அட்டை, ஸ்கெட்ச் பேனா, கலர் சாக்பீஸ், லேமினேஷன் உறை. முடிந்தவர்கள் முடிந்ததை வைக்கலாம். பெயர் படிக்க மாட்டோம், பட்டியல் எழுத மாட்டோம். வைக்க முடியாதவர்கள் அட்டை வெட்ட வரலாம். வாரத்துக்கு முந்தின ஞாயிறு மதியம் என் கடை வாசலில் உட்கார்ந்து வெட்டுவோம். அட்டைகளை அடுக்கி வைக்க, பை பையாக வைத்த துணித்திரை ஒன்று நான் தைக்கிறேன். அரும்புக்கு மஞ்சள், மொட்டுக்குப் பச்சை, மலருக்குச் சிவப்பு.

இது புதுப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். நிலம் உள்ளவர் நிலம் கொடுத்தார், மரம் உள்ளவர் பெஞ்சு செய்து கொடுத்தார், ஒன்றும் இல்லாதவர் கூரை வேய வந்தார். மதிய உணவே முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியிலும் காசிலும்தான் தொடங்கியது. பள்ளிக்கூடம் அரசாங்கத்துடையது, நமக்கு அங்கே என்ன வேலை என்று நம் தாத்தாக்கள் நினைக்கவில்லை.

டீச்சர் என்று சொல்லும்போது இன்னும் சிலரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விடியும் முன் எழுந்து வந்து காலை உணவு சமைக்கிற சுயஉதவிக் குழுப் பெண்கள், அவர்களும் நம் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள்தான். சத்துணவு அமைப்பாளர் அக்கா, சமையல் உதவியாளர், கழிவறை கழுவுகிற அம்மா. அந்த அம்மா ஒரு நாள் வராவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடி வருவதைப் பார்த்திருக்கிறேன். போன வருட மேடையில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. இந்த வருடம் முதல் பெயர் அவருடையதாக இருக்கட்டும்.

கைபேசி விஷயம் ஒன்று. இரவு எட்டு மணிக்கு மேல் டீச்சர்களைக் கூப்பிடுவதை அந்த வாரத்திலிருந்து நிறுத்துவோம். வகுப்புக் குழுவில் கோயில் படம், அரசியல் வீடியோ அனுப்புவதும் வேண்டாம்.

இனி செப்டம்பர் 5. ராதாகிருஷ்ணன் 1962-இல் குடியரசுத் தலைவரானபோது, அவர் பிறந்தநாளைக் கொண்டாட விரும்பியவர்களிடம் அதை ஆசிரியர்கள் நாளாக வைத்துக்கொள்ளச் சொன்னார். நம் திருத்தணிப் பக்கத்தில் 1888-இல் பிறந்தவர். தன் பெயருக்கு வந்ததை எல்லா ஆசிரியருக்குமாக மாற்றிவிட்டார். அன்று விடுமுறையாக இருந்தால் முந்தின பள்ளி நாளில் வைத்துக்கொள்வோம். பந்தல் வேண்டாம், வேப்பமர நிழல் இருக்கிறது. ஸ்பீக்கர் வேண்டாம். பிள்ளைகளை நடனத்துக்கென்று ஒத்திகை பார்க்க வைக்க வேண்டாம், முதல் பருவத் தேர்வு அதே மாதம் வருகிறது. அரை மணி நேரம். இங்கே படித்த பெரிய பிள்ளைகள் மூன்று பேர் வந்து, இந்தப் பள்ளியில் கற்றுக்கொண்டதில் எது இன்றைக்கும் உதவுகிறது என்று ஆளுக்கு இரண்டு நிமிடம் சொல்லட்டும். லாரி ஓட்டுகிற தம்பி வந்தால் ரொம்ப நல்லது. அவன் ஆறு மாநிலத்துக்கு வழிப்பலகை படித்துப் போய் வருகிறவன்.

நான் முக்கியமாக நினைப்பதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கடிதம். "நீங்கள் நல்ல டீச்சர், வாழ்க வளமுடன்" என்று எழுத வேண்டாம். உங்கள் பிள்ளையிடம் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள். பேருந்து போர்டைப் படித்துவிட்டு "இது நத்தம் போற பஸ் இல்லம்மா" என்று என் மகள் என்னை இழுத்து நிறுத்தினாள். நான் அதை எழுதப் போகிறேன். மளிகைக் கடைக்காரர் பாக்கி தவறாகக் கொடுத்ததைக் கண்டுபிடித்த பையன் நம் தெருவில் இருக்கிறான். அடுத்தவர் முன்னால் வாயே திறக்காத பிள்ளை இப்போது பிரேயரில் திருக்குறள் சொல்கிறாள். இவையெல்லாம் அந்த இரண்டு பேருக்கும் தெரியாது, ஏனென்றால் நாம் சொன்னதில்லை. பிள்ளை படிக்கவில்லை என்றால் மட்டும் பள்ளிக்குப் போய் நிற்கிறோம்.

எழுதத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். நீங்கள் சொல்லச் சொல்ல உங்கள் பிள்ளையே எழுதட்டும். போன வாரம் ஒரு அப்பத்தா கடையில் உட்கார்ந்து நான்காம் வகுப்புப் பேத்தியிடம் சொல்லி எழுத வைத்துப் பார்த்தார். பேத்தி எழுதி முடித்துத் திரும்பப் படித்துக் காட்டினாள். "நான் சொன்னது அப்படியே இருக்கே!" என்று அப்பத்தா இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு தரம். அந்தத் தாளில் இரண்டு எழுத்துப் பிழை இருக்கிறது. திருத்தாமல் அப்படியே டீச்சர் கையில் கொடுக்கப் போகிறோம்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நடக்கும் கூட்டத்துக்கு முன்னால் என் தையல் கடைக்கு வாருங்கள். மேசை மேல் ஒரு நோட்டு இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து பக்கம், பக்கத்துக்கு மூன்று கோடு. திங்கட்கிழமையில் என் பெயரையும், கழிவறை கழுவுகிற அம்மாவின் மருமகள் பெயரையும் எழுதிவிட்டேன். மூன்றாவது கோடு ஒரு அப்பாவுக்காகக் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு